பாகூர்க் கோயிலும் பக்கத்து வீட்டு மாடியும்

பாகூர் மூலநாதசுவாமி கோயில் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கோயில். அத்துறை தன் பொறுப்பிலுள்ள இடங்களில் வைக்கும் அறிவிப்புப் பலகைகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பார்த்தவர்கள் பலர், படித்தவர்கள் சிலரே. 'தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நினைவுச்சின்னம்' என்றும், அதற்குச் சேதம் விளைவிப்பவர் தண்டனைக்கு உரியவர் என்றும் அப்பலகை கூறும். இச்சொற்களுக்குப் பொருள் என்ன? பழைய கட்டிடம் ஒன்றை, அல்லது அதன் அருகில் இருக்கும் நம் வீட்டை, மாற்றிக் கட்ட வேண்டுமானால் யாரைக் கேட்க வேண்டும்? எப்படிக் கேட்க வேண்டும்? இந்த ஆண்டு சமூக அறிவியல் வகுப்பில் இவ்வினாக்களை எடுத்துக்கொண்டு படித்தோம். படித்தவற்றைப் பெற்றோரும் அறிந்துகொள்வது நலம் என்று எண்ணி இங்கே எழுதுகிறோம்.

நம் புதுவைக் கிராமப்புறத்தில் இத்தகைய இடங்கள் அதிகமில்லை. எனினும் இருப்பவை சாமானியமானவை அல்ல. பாகூர் மூலநாதர் கோயிலோடு திருபுவனை வரதராசப் பெருமாள் கோயில், திருவாண்டார்கோயில் பஞ்சநதீசுவரர் கோயில், மதகடிப்பட்டுக் குண்டாங்குழி மகாதேவர் கோயில், அரியாங்குப்பத்தை அடுத்த அரிக்கமேடு ஆகியவை மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ளன. வில்லியனூர்த் திருக்காமீசுவரர் கோயிலும் மிகப் பழமையானதே. ஆளுநர் வந்து வடம் பிடித்துத் தேரை இழுத்துத் தொடங்கி வைக்கும் வழக்கம் பிரெஞ்சுக்காரர் காலந்தொட்டு அங்கே நடந்து வருவதை நாம் அறிவோம். ஆனால் அக்கோயில் தொல்லியல் துறையின் பட்டியலில் இல்லை. பழமையாய் இருப்பது வேறு. சட்டத்தினால் பாதுகாக்கப்படுவது வேறு. இந்த வேறுபாட்டை முதலில் மனத்திற் கொள்ள வேண்டும்.

பாகூரைப் பற்றிச் சிறிது கூறாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. புதுவையின் நெற்களஞ்சியம் என்று இவ்வூரை அழைக்கிறோம். பெரிய ஏரியும் பசிய வயலும்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால் ஏறத்தாழ 1,150 ஆண்டுகளுக்கு முன் இங்கே ஓர் உயர்கல்விச் சாலை இருந்தது. 1879ஆம் ஆண்டில் இங்கே கிடைத்த ஐந்து செப்பேடுகள் அதனைக் கூறுகின்றன. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில், இவ்வூர் வித்தியாஸ்தானத்தின் செலவுக்காக மூன்று கிராமங்கள் தானமாக விடப்பட்டன என்பது அவற்றிலுள்ள செய்தி. வடமொழியிலும் தமிழிலுமாக எழுதப்பட்ட செப்பேடுகள் அவை. அக்கல்விச் சாலையின் கட்டிடம் இன்று இல்லை. அதில் பெண் பிள்ளைகள் படித்ததாக அந்த ஏடுகள் எங்கும் சொல்லவுமில்லை. ஊரில் எஞ்சி நிற்பது சோழர் காலக் கற்றளியாகிய மூலநாதர் கோயில். அதன் சுவர்களில் சோழ மன்னரின் கல்வெட்டுகளோடு, 949ஆம் ஆண்டுத் தக்கோலப் போருக்குப் பின் இப்பகுதியைப் பிடித்த இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் கல்வெட்டுகளும் உள்ளன. கன்னரதேவன் என்று அவன் பெயரைத் தமிழில் வெட்டியிருக்கிறார்கள். வென்றவன் எழுத்தும் தோற்றவன் எழுத்தும் ஒரே கோயிலில் இருக்கின்றன. ஒரு கொத்தனார் உளியெடுத்து 'சுவரைச் சமன் செய்கிறேன்' என்று அரை நாள் கொத்தினால் போதும், அவ்வளவும் போய்விடும்.

இதற்காகத்தான் சட்டம் வந்தது. ஆங்கிலேயர் காலத்தில் கர்சன் பிரபு அரசப் பிரதிநிதியாய் இருந்தபோது 1904இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. விடுதலைக்குப் பின் 1958இல் நம் பாராளுமன்றம் விரிவான சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. பழங்கால நினைவுச்சின்னங்கள், தொல்லியல் களங்கள், எச்சங்கள் ஆகியவற்றுக்கான சட்டம் என்பது அதன் பெயர். நூறு ஆண்டுகளுக்குக் குறையாத வயதுடைய கட்டிடம், குகை, சிற்பம், கல்வெட்டு முதலியவற்றை அரசு பாதுகாக்கலாம் என்று அது கூறுகிறது. ஆனால் திடீரென்று ஒரு நாள் வந்து பலகையை நட்டுவிட முடியாது. முதலில் அரசிதழில் இரண்டு மாத அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அந்த அறிவிப்பின் படியை அவ்விடத்தின் அருகிலேயே எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்ட வேண்டும். ஆட்சேபனை உள்ளவர்கள் அக்காலத்துக்குள் எழுதலாம். அவற்றை ஆராய்ந்த பின்னரே இறுதி அறிவிப்பு வரும்.

அவ்வாறு அறிவிக்கப்பட்ட கட்டிடத்தையே மாற்ற வேண்டுமானால்? பாதுகாக்கப்பட்ட கட்டிடத்தைப் பழுது பார்ப்பது தொல்லியல் துறையின் வேலை. சொந்தக்காரரானாலும் சரி, கோயில் நிர்வாகமானாலும் சரி, தாமாகவே ஒரு சுவரை எழுப்பவோ இடிக்கவோ கூடாது. பாதுகாக்கப்பட்ட எல்லைக்குள் எதையேனும் கட்ட வேண்டுமானால் மத்திய அரசின் அனுமதி வேண்டும். அழித்தல், அகற்றுதல், சேதப்படுத்துதல், மாற்றுதல் எல்லாம் ஒரே பிரிவின்கீழ் வரும் குற்றங்கள். 1958இல் அதற்குத் தண்டனை மூன்று மாதச் சிறை அல்லது ஐயாயிரம் ரூபாய் அபராதமாக இருந்தது. 2010ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் இரண்டு ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம்.

வழிபாட்டை இச்சட்டம் தடுப்பதில்லை. பூசையும் திருவிழாவும் வழக்கப்படி நடக்கலாம். ஆனால் வழிபாட்டுத் தலத்தை அதன் இயல்புக்கு ஒவ்வாத காரியத்துக்குப் பயன்படுத்தலாகாது. கூட்டம், விருந்து, கேளிக்கை போன்றவற்றுக்கு முன் அனுமதி இன்றி இடம் கிடையாது. 2018 டிசம்பரில் தஞ்சைப் பெரிய கோயில் வளாகத்திற்குள் தனியார் ஆன்மிக அமைப்பொன்று தியான நிகழ்ச்சிக்காகக் கொட்டகை போட்டது. வழக்கு மதுரைக்குச் சென்றது. சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை நிகழ்ச்சிக்குத் தடை விதித்தது. நிகழ்ச்சி வேறிடத்திற்கு மாற்றப்பட்டது. அதே கோயிலில் 1997 ஜூன் மாதம் குடமுழுக்கின்போது யாகசாலைப் பந்தலில் தீப்பிடித்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை நம் பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள். தற்காலிகப் பந்தல்தானே என்று அசட்டையாக இருக்க முடியாது.

இனி நம் வீடுகளுக்கு வருவோம். பெரும்பாலோர்க்குத் தெரியாத பகுதி இதுதான்.

1992 ஜூன் 16ஆம் நாள் மத்திய அரசு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து எல்லாத் திசைகளிலும் 100 மீட்டர் வரை 'தடைசெய்யப்பட்ட பகுதி'. அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் 'ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி'. பின்னர், தொல்லியல் துறை அமைத்திருந்த குழு ஒன்றின் ஆலோசனையைக் கொண்டு தடைப் பகுதிக்குள்ளேயே சிலருக்கு அனுமதி அளிக்கப்பட்டது. அத்தகைய அனுமதிகளுக்குச் சட்டத்தில் இடமில்லை என்று 2009இல் டில்லி உயர்நீதிமன்றம் கூறிவிட்டது. அதன் விளைவாக 2010இல் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, இந்தத் தூரங்களைச் சட்டத்துக்குள்ளேயே எழுதியது. தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையம் என்னும் புதிய அமைப்பையும் ஏற்படுத்தியது.

நூறு மீட்டர் என்பது சிறிய தூரமாகத் தோன்றலாம். கணக்குப் பாடத்தில் கற்றதைக் கொண்டு இதைச் சோதித்துப் பார்த்தோம். ஒரு கோயிலின் பாதுகாக்கப்பட்ட எல்லை பக்கத்துக்கு 60 மீட்டராக உள்ள சதுரம் என்று எடுத்துக்கொள்வோம். நாற்புறமும் நான்கு செவ்வகங்கள். ஒவ்வொன்றும் 60 x 100. மூலைகளில் நான்கு கால்வட்டங்கள்; சேர்த்தால் 100 மீட்டர் ஆரமுள்ள ஒரு முழு வட்டம். கூட்டினால் 55,416 சதுர மீட்டர். நம் பகுதிப் பத்திரங்களில் எழுதும் கணக்குப்படி 5 ஹெக்டேர் 54 ஆர் 16 சென்டியார். அதைச் சுற்றியுள்ள ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதியோ 29 ஹெக்டேர் 93 ஆருக்கு மேல். இரண்டையும் சேர்த்தால் ஏறத்தாழ 88 ஏக்கர். கோயில் ஊரின் நடுவில் இருந்தால், ஊரின் பழைய தெருக்கள் அனைத்தும் இதற்குள் அடங்கிவிடும் அல்லவா? பாடம் நடந்துகொண்டிருக்கையில், கோயில் தெருவில் குடியிருக்கும் ஒரு மாணவி எழுந்து, "அப்படியானால் எங்கள் வீட்டுக்கு மாடி கட்டவே முடியாதா, சிஸ்டர்?" என்று கேட்டாள். அவளுடைய அண்ணனுக்குத் தை மாதம் திருமணம். மாடியில் ஓர் அறை போடலாம் என்று செங்கல் இறக்கி வைத்திருந்தார்கள். வகுப்பில் அதன் பிறகு யாரும் விளையாட்டாகப் பேசவில்லை.

அவளுக்கு விடை கூறுவதற்குச் சட்டத்தில் உள்ள மூன்று சொற்களைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது. முதலாவது 'கட்டுமானம்'. புதிதாக ஒன்றை எழுப்புவது மட்டுமன்று; இருக்கும் கட்டிடத்தை மேல்நோக்கியோ பக்கவாட்டிலோ நீட்டுவதும் கட்டுமானமே. ஆகவே மாடி அறையும் கட்டுமானம். திண்ணையை முன்னால் இழுத்துக் கட்டுவதும் கட்டுமானம். இரண்டாவது 'மறுகட்டுமானம்'. பழைய வீட்டை இடித்துவிட்டு, அதே நீள அகலத்தில், அதே உயரத்தில் திரும்ப எழுப்புவது அது. மூன்றாவது 'பழுதுபார்த்தலும் புதுப்பித்தலும்'. இருக்கும் கட்டிடத்தில் செய்யும் மாற்றங்கள் இதில் அடங்கும். முன் சொன்ன இரண்டும் அடங்கா. ஓடு மாற்றுவது, உளுத்த உத்திரத்தை எடுத்து வேறு வைப்பது, சுவர்ப்பூச்சு, தளம் போடுவது போன்றவற்றை இங்கே எண்ணலாம்.

தடைசெய்யப்பட்ட பகுதிக்குள் தனியாருக்குப் புதிய கட்டுமானம் கிடையாது. மறுகட்டுமானத்துக்கு விண்ணப்பிக்கவும் அங்கே சட்டம் வழி வைக்கவில்லை. பழுதுபார்க்க மட்டும் அனுமதி கேட்கலாம். அதுவும் அவ்வீடு 1992 ஜூன் 16க்கு முன்பே இருந்திருக்க வேண்டும். அல்லது பிறகு தொல்லியல் துறைத் தலைமை இயக்குநரின் ஒப்புதலோடு கட்டப்பட்டிருக்க வேண்டும். ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதியிலோ எல்லாவற்றுக்கும் விண்ணப்பிக்கலாம்: காலி மனையில் புதுவீடு, மாடி, மறுகட்டுமானம், பழுது. பொதுமக்களுக்கான கழிவுநீர் வாய்க்கால், பொதுக் கழிப்பிடம், குடிநீர், மின்சாரம் ஆகியவற்றுக்கான வேலைகளைக் 'கட்டுமானம்' என்னும் சொல்லுக்கு வெளியே வைத்திருக்கிறது சட்டம். ஊர் உயிர்வாழ வேண்டுமே!

அந்த மாணவியின் வீடு எந்தப் பகுதியில் வருகிறது? அளந்தால்தான் தெரியும். அளக்கும்போது கோபுரத்திலிருந்தோ கருவறையிலிருந்தோ அளக்கக் கூடாது. பாதுகாக்கப்பட்ட எல்லை எங்கே முடிகிறதோ அங்கிருந்து அளக்க வேண்டும். சில வீடுகளுக்கு இந்த வேறுபாடு ஒன்றே மாடி உண்டா இல்லையா என்பதைத் தீர்மானித்துவிடும்.

விண்ணப்பம் செய்யும் முறை இது. மத்திய அரசு ஒவ்வொரு பகுதிக்கும் 'தகுதி வாய்ந்த அதிகாரி' ஒருவரை நியமித்திருக்கிறது. விண்ணப்பம் அவரிடம் செல்ல வேண்டும். இடத்தின் உரிமையைக் காட்டும் பத்திரம், நினைவுச்சின்னத்திலிருந்து எத்தனை மீட்டர் தூரம் என்பதைக் காட்டும் வரைபடம், வீட்டின் இப்போதைய புகைப்படங்கள், செய்யவிருக்கும் வேலையின் வரைபடம் ஆகியவை வேண்டும். உயரத்தைக் குறிக்கும்போது மாடிப்படிக் கூண்டும் தண்ணீர்த் தொட்டியும் சேர்த்தே குறிக்க வேண்டும். பலர் கோட்டை விடும் இடம் இது. தடைப் பகுதியில் இருப்பவர்கள் 1992க்கு முந்திய வீட்டுவரி இரசீது, மின்கட்டண இரசீது போன்றவற்றைத் தேடி எடுக்க வேண்டும். தாத்தா காலத்துத் தகரப் பெட்டியைப் பழைய தாள்கள் என்று கடையில் போட்டுவிடாதீர்கள். பிரெஞ்சில் எழுதிய பத்திரமானாலும் அது பத்திரமே.

தகுதி வாய்ந்த அதிகாரி 15 நாட்களுக்குள் விண்ணப்பத்தைத் தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். ஆணையம் இரண்டு மாதத்துக்குள் தன் பரிந்துரையைத் தெரிவிக்க வேண்டும். அது கிடைத்த ஒரு மாதத்துக்குள் அதிகாரி அனுமதி தரவோ மறுக்கவோ வேண்டும். மறுப்பதாயின் விண்ணப்பதாரர் தம் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புக் கொடுத்து, எழுத்தில் ஆணையிட வேண்டும். ஆக மூன்றரை மாதம். நம் ஊருக்கு இதை எப்படிப் பொருத்துவது? ஐப்பசி அடைமழைக்கு முன் கூரை வேலை முடிய வேண்டும். செப்டம்பர் மாதம் முழுவதும் வேலைக்கு வேண்டும் என்றால், ஆகஸ்டு கடைசியில் அனுமதி கையில் இருக்க வேண்டும். பின்னோக்கி எண்ணினால் 105 நாட்கள். மே மாதம் 18ஆம் தேதிக்குள் விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ஆவணியில் ஓட்டைப் பிரித்துவிட்டுப் புரட்டாசியில் விண்ணப்பம் எழுத உட்காருவது வீண் துன்பம். இந்த அனுமதி வந்த பின்னும் வழக்கமான கட்டிட வரைபட அனுமதியைத் தனியாகப் பெற வேண்டும். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. கொம்யூன் பஞ்சாயத்தில் வீட்டுவரி கட்டுகிறோம், ஆகவே எல்லாம் சரி என்று எண்ணுவதும் பிழை. அனுமதி பெற்றபின் அதில் கண்டபடியே வேலை செய்ய வேண்டும். வேலையால் நினைவுச்சின்னத்துக்குத் தீங்கு நேரும் என்று தோன்றினால் கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெறவும் சட்டத்தில் இடமுண்டு.

இதில் நம் கருத்தையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். சட்டம் வேண்டும் என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. ஆனால் அதன் பாரம் ஏழை வீட்டின் மீதே அதிகம் விழுகிறது. வசதி உள்ளவர் கடலூர்ச் சாலையில் வேறு மனை வாங்கிக் கொள்வார். கூலி வேலை செய்யும் குடும்பத்துக்கு இருப்பது அந்த ஒரே வீடு. பிள்ளைகள் பெருகினாலும் மாடி எழும்பாது. விற்கப் போனாலும் விலை குறையும். கோயிலைக் காப்பதால் வரும் பெருமை நாடு முழுவதற்கும் உரியது. அதற்காக இழப்பவரோ இரண்டு தெருக்காரர்கள் மட்டுமே. குறைந்தபட்சம், எந்தத் தெரு எந்தப் பகுதியில் வருகிறது என்பதைத் தமிழில் வரைபடமாக எழுதிக் கோயில் வாயிலிலும் பஞ்சாயத்து அலுவலகத்திலும் வைக்கலாமே. ஒவ்வொரு நினைவுச்சின்னத்துக்கும் தனித்தனியே துணைவிதிகள் வகுக்க வேண்டும் என்று 2010ஆம் ஆண்டுத் திருத்தமே கூறுகிறது. செங்கல் இறக்குவதற்கு முன் அந்த வீட்டார்க்கு யாரேனும் ஒருவர் சொல்லியிருந்தால் அந்தச் செலவு மிஞ்சியிருக்கும்.

ஆனாலும் கட்டுப்பாடு இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அரிக்கமேட்டைப் பார்த்தால் போதும். ரோமாபுரியோடு வாணிகம் செய்த துறைமுகம் அது. 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்து பார்த்த பிறகே உலகம் அதனை அறிந்தது. ஆனால் 1734ஆம் ஆண்டிலேயே வீராம்பட்டினத்து மக்கள் அம்மேட்டிலிருந்து செங்கற்களைப் பெயர்த்துச் செல்கின்றனர் என்று பிரெஞ்சு அதிகாரிகள் எழுதி வைத்திருக்கின்றனர். 1769இல் வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைக் காணப் புதுவைக்கு வந்திருந்த பிரெஞ்சு வானியலறிஞர் லெ ஜெந்தியும் பெரிய பெரிய பழஞ்செங்கற்களை மக்கள் பொறுக்குவதைக் கண்டார். (பாவம், அவர் எதற்காக வந்தாரோ அதை மேகம் மறைத்துவிட்டது.) இரண்டாயிரம் ஆண்டுத் துறைமுகத்தின் சுவர்கள் அவ்வாறு எத்தனை அடுப்புகளுக்கும் எத்தனை கிணறுகளுக்கும் போயினவோ! யாரையும் குறை கூறுவதற்கில்லை. செங்கல் கிடைத்தது, எடுத்தார்கள். அதே மேட்டில் 1770களில் பாரிசு வேதபோதக சபையார் ஒரு குருமடம் நடத்தினார்கள். பின்னர் வியட்நாம் வரலாற்றில் பெயர் பெற்ற பிஞோ தெ பெகேன் ஆண்டகைதான் அதன் தலைவர். அக்கட்டிடமும் இன்று இடிந்த சுவர்தான். அதைச் சுற்றியுள்ள தோப்பும் மேடும் இப்போது பாதுகாக்கப்பட்ட இடம்.

நம் தேவாலயங்கள் எப்படி? வில்லியனூர் லூர்து அன்னை திருத்தலம் 1870களில் எழுந்தது. நூற்றைம்பது ஆண்டை எட்டும் அது தொல்லியல் துறையின் பட்டியலில் இல்லை. அப்படியானால் விருப்பம்போல் மாற்றலாமா? அங்கேயும் கேட்க வேண்டியவர் உண்டு. திருச்சபைச் சட்டத் தொகுப்பின்படி ஆயரின் எழுத்து மூலமான இசைவின்றிக் கோயில் எதனையும் கட்டலாகாது. கட்டும்போதும் பழுதுபார்க்கும்போதும் அறிந்தவர்களின் ஆலோசனையைப் பெற வேண்டும். இங்கிலாந்தில் இது இன்னும் விரிவாக வளர்ந்திருக்கிறது. அந்நாட்டுக் கத்தோலிக்கப் பங்குகள், பட்டியலில் சேர்ந்த பழைய கோயிலை மாற்ற வேண்டுமானால், நகரசபைக்கு மாறாக ஆயரின்கீழ் இயங்கும் வரலாற்றுக் கோயில்கள் குழுவுக்கு விண்ணப்பிக்கின்றன. அக்குழு அரசாங்கம் பார்ப்பதைப் போன்றே கண்டிப்பாகப் பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. பிரான்சிலோ 1905ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின் பழைய கோயில்கள் கொம்யூன்களுக்கும் பேராலயங்கள் அரசுக்கும் சொந்தம். பாரிசு நோத்ர் தாம் பேராலயம் 2019 ஏப்ரல் 15இல் எரிந்ததும், 2024 டிசம்பரில் மீண்டும் திறக்கப்பட்டதும் நாம் அறிந்ததே. தீயில் சேதமுறாத சில 19ஆம் நூற்றாண்டுச் சன்னல் கண்ணாடிகளை எடுத்துவிட்டுப் புதிய ஓவியக் கண்ணாடிகளை வைக்கலாம் என்று குடியரசுத் தலைவரும் பேராயரும் விரும்பினர். 2024 ஜூலையில் அந்நாட்டின் பாரம்பரியக் குழு ஒருமனதாக வேண்டாம் என்றது. எனினும் அக்குழுவின் சொல் ஆலோசனை மட்டுமே. அவ்வாண்டு டிசம்பரிலேயே ஓவியர் தேர்ந்தெடுக்கப்பட்டுவிட்டார்.

எங்கள் வகுப்பில் மிகுதியான வாதத்தை எழுப்பியது பழைய கோவாவின் குழந்தை இயேசு பேராலயம். 1605இல் முடிக்கப்பட்டது. முத்துக்குளித்துறையில் நம் பரதவ மக்களிடையே தமிழில் செபம் கற்பித்த புனித சவேரியாரின் திருவுடல் அங்கேதான் இருக்கிறது. அதன் செந்நிறச் சுவர்களைப் படத்தில் பார்த்தவர்கள், தொடக்கத்திலிருந்தே அது அப்படித்தான் இருந்தது என்று நினைப்பார்கள். உண்மை அதுவன்று. சுண்ணாம்புக் காரை பூசி வெள்ளையாக நின்ற கோயில் அது. 1950களின் தொடக்கத்தில் பல்தசார் காஸ்த்ரோ என்னும் போர்த்துக்கீசியக் கட்டிடக் கலைஞர் பழமை தெரிய வேண்டும் என்று பூச்சை உரித்துவிட்டார். உள்ளே இருந்தது செம்புரைக்கல். நம் பக்கத்துச் செம்மண் மேடுகளில் மழைக்குப் பின் கல்லைக் கையால் உதிர்த்துப் பார்த்தவர்களுக்கு அதன் குணம் தெரியும். துளை துளையாக நீரை உறிஞ்சும், நாளடைவில் உதிரும். கோவாவில் பெய்யும் மழையோ நம் மழையைப் போல் இரு மடங்குக்கு மேல். 2020இல் அப்பேராலயத்தின் அதிபர் தந்தை, கூரை ஒழுகுகிறது, சுவர் கரைகிறது, மீண்டும் பூச வேண்டும் என்று வெளிப்படையாக முறையிட்டார். கோயில் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருப்பதால் அவரே ஆள் வைத்துப் பூச முடியாது.

பூசலாமா, கூடாதா? ஒரு சாரார், எழுபது ஆண்டுகளாக உலகம் அறிந்த தோற்றம் செந்நிறமே, அதை மூடினால் அதுவும் ஒரு மாற்றமே என்றனர். மற்றொரு சாரார், முந்நூற்றைம்பது ஆண்டு வெண்மையாய் இருந்ததுதான் அதன் இயல்பு, எழுபது ஆண்டு நிர்வாணம் ஒரு விபத்து என்றனர். பக்கத்திலுள்ள பேராயர் தேவாலயமும் புனித பிரான்சிஸ் அசிசி கோயிலும் வெண்பூச்சோடு நிற்பதையும் சுட்டிக்காட்டினர். எங்கள் தீர்ப்புப் பூச வேண்டும் என்பதே, ஆனால் சுண்ணாம்பால். சிமெண்ட் நீரை உள்ளே விடாது என்பது பாதி உண்மைதான். சுவருக்குள் ஏற்கெனவே இருக்கும் ஈரத்தையும் அது வெளியே விடாது. ஈரம் உப்போடு சேர்ந்து கல்லை உள்ளிருந்தே பொடியாக்கும். சுண்ணாம்புக் காரை ஈரத்தை வாங்கி வெயிலில் விட்டுவிடும். தேய்ந்து போவது பூச்சேயன்றிக் கல் அன்று. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெள்ளையடிப்பதை நம் முன்னோர் கடமையாக வைத்ததன் காரணம் இதுவே. பழைய வீட்டுச் சுவரில் சிமெண்ட் பூசி இரண்டு மழைக்குள் பூச்சு பாளம் பாளமாய்ப் பெயர்ந்த வீடுகள் நம் ஊர்களிலும் பல உண்டு.

இறுதியாக, பெற்றோரும் பங்குப் பேரவையினரும் கவனிக்க வேண்டியது ஒன்று. நம் கிராமக் கோயில்களில் மரத்தால் செய்த பழைய சுரூபங்கள் இருக்கின்றன. திருவிழாவுக்கு முன் தேரில் ஏற்றுவதற்காக அவற்றுக்கு எனாமல் வர்ணம் அடிப்பது வழக்கமாகிவிட்டது. பழைய வர்ணத்தின் மேல் புது வர்ணம் ஏற ஏற முகத்தின் நுண்மை மறைகிறது, விரல்கள் ஒட்டிக்கொள்கின்றன. சுரண்டி எடுத்துவிட்டு அடித்தாலோ பழைய பொன்பூச்சும் சேர்ந்து போகிறது. பழமையாலும் கலையாலும் வணக்கத்தாலும் சிறந்த திருவுருவங்களை ஆயரின் அனுமதியின்றிப் புதுப்பிக்கவே கூடாது என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1189ஆம் விதி கூறுகிறது. அனுமதி அளிக்கும் முன் அவர் நிபுணரைக் கலந்துகொள்ள வேண்டும். வாய்மொழி அனுமதி போதாது. எழுத்தில் இருக்க வேண்டும்.